ஆறு டீ அளவு ரத்தம்

எங்கள் பிரசவப் பதிவேட்டில் ரத்தப்போக்கு என்று ஒரு கட்டம் உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு எவ்வளவு ரத்தம் போனது என்று மில்லியில் எழுத வேண்டும். நான் நர்சாக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதை எப்படி எழுதுவது என்று கற்றுக்கொண்டேன். நூற்றைம்பது. அவ்வளவுதான் பாடம். குண்டானவள், ஒல்லியானவள், தலைப்பிரசவம், நாலாவது பிரசவம், கல்வராயன் மலையிலிருந்து ஜீப்பில் குலுங்கி வந்தவள், பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வந்தவள், எல்லோருக்கும் நூற்றைம்பது. எங்கள் மலையடிவாரத்துப் பெண்களுக்கு மட்டும் கடவுள் அளந்து ஊற்றி அனுப்பியிருக்கிறார் என்று படிக்கிறவர்கள் நினைத்திருப்பார்கள். படிக்கிறவர்கள் யாரும் இல்லை என்பதுதான் எங்கள் தைரியம்.

எனக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித் தந்தவர் எங்கள் பெரிய சிஸ்டர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர்.

"எரநூறு எழுதினா ஏன்னு கேப்பாங்க. நூறு எழுதினா நம்ப மாட்டாங்க. நூத்தம்பது எழுது, ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

சில நாள் வேலை அதிகமாக இருந்தால் பிள்ளையின் தலை தெரிவதற்கு முன்பே அந்தக் கட்டத்தை நிரப்பிவைத்துவிடுவார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டில் எனக்கு வாயாடி என்று பெயர். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பேன். இதை மட்டும் ஏனோ கேட்கவில்லை. வேலை சுலபமாக முடிந்தால் வாயாடிக்கும் வாய் மூடிக்கொள்ளும்.

இப்படியே மூன்று வருடம் ஓடியது. பிறகு கள்ளக்குறிச்சியிலிருந்து பயிற்சி கொடுக்க ஒரு மேடம் வந்தார். பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கைத் தடுப்பது எப்படி, வந்தால் சமாளிப்பது எப்படி என்பது பயிற்சி. கூடவே ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா. பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் என்றார். நாங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பொரியல் உண்டு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டோம்.

அவர் முதலில் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தார். கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஊசி மருந்து எங்கே என்று கேட்டார். அது உள்ளேதான் இருந்தது. பெரிய சிஸ்டரின் இட்லி மாவுக்குப் பின்னால். மேடம் மாவுத் தூக்கைக் கையில் எடுத்து, "அவசரத்துக்கு இதைத்தான் போடுவீங்களா?" என்று கேட்டார். பெரிய சிஸ்டர், "இன்னிக்கு ஒருநாள்தான் மேடம்" என்றார். மாவு பொங்கியிருந்த உயரத்தைப் பார்த்தால் அது நேற்றே வந்த மாவு என்று யாருக்கும் தெரியும்.

அடுத்து மேடம் பீட்ரூட் தண்ணீரை நான்கு இடத்தில் ஊற்றினார். ஒரு டவல், ஒரு பஞ்சுப் பட்டை, ஒரு தட்டு, தரையில் விரித்த ரப்பர் விரிப்பு. ஒவ்வொன்றிலும் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் துண்டுச் சீட்டில் எழுதச் சொன்னார். நான் ரப்பர் விரிப்பைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, தாராளமாக இருக்கட்டும் என்று இருநூறு எழுதினேன். பெரிய சிஸ்டர் யோசிக்கவே இல்லை. நான்குக்கும் நூற்றைம்பது.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஆயாம்மா டீ கொண்டுவந்தாள். ஆயா என்றால் எங்கள் பக்கம் பாட்டி. ஆனால் ஆஸ்பத்திரியில் துடைக்கிற, கழுவுகிற வேலைக்கு வந்துவிட்டால் முப்பத்திரண்டு வயதிலேயே ஆயாம்மா ஆகிவிடலாம். ஒரு கையில் சொம்பு, மறு கையில் கண்ணாடி டம்ளர்கள். ரப்பர் விரிப்பைப் பார்த்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அய்ய, இன்னா சிஸ்டர் இது! எட்டு டீ இருக்கும்போலக்குதே!"

மேடம் திரும்பினார். "எட்டு டீயா?"

"ஆமாங்க. இந்தச் சொம்புல ஆறு டீ புடிக்கும். போன மாசம் தடுக்கி வுழுந்து மொத்தத்தையும் கீழ வுட்டுட்டேன். அது இம்மாந்தூரம்தான் ஓடுச்சி" என்று காலால் ஒரு கோடு காட்டினாள். "இது அதவிட ரெண்டு டீ ஜாஸ்தி."

மேடம் விரிப்பில் ஊற்றியிருந்தது அறுநூற்றைம்பது மில்லி. ஆயாம்மாவின் சொம்பில் தண்ணீர் பிடித்து, ஆறு டம்ளர் அளந்து பார்த்தார். ஐந்நூறுக்கு ஒரு மடக்குக் குறைவு. அவர் முகம் மாறிவிட்டது.

"ஐந்நூறு தாண்டினா ஆபத்துன்னு புத்தகத்துல இருக்கு. உங்க புத்தகத்துல ஆறு டீன்னு எழுதிக்குங்க" என்றார். "படிச்ச நீங்க மூணுல ஒரு பங்குகூடச் சொல்லல. அவங்க சொல்லிட்டாங்க. ஏன் தெரியுமா? நீங்க எழுதறீங்க. அவங்க துடைக்கிறாங்க."

ஆயாம்மா வெட்கத்தோடு டீயை நீட்டினாள். அன்றைக்கு அதை யாரும் குடிக்கவில்லை.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் மாலை வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தபோது எனக்கு ஒருத்தி ஞாபகம் வந்தாள். வடக்கனந்தல் பக்கத்துக் கிராமம். கணவனும் மனைவியும் மரவள்ளிக் காட்டில் கூலி வேலை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குத் தலைப்பிரசவம் பார்த்தேன். பிள்ளை பிறந்ததும் கட்டிலுக்குக் கீழே ஆயாம்மா மூன்று முறை துடைத்தாள். எழுந்து உட்காரச் சொன்னபோது அவள் அப்படியே என் தோளில் சாய்ந்துவிட்டாள். "களைப்பு, ஒன்னும் இல்ல" என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன். பதிவேட்டிலும் டிஸ்சார்ஜ் சீட்டிலும் நூற்றைம்பது என்று எழுதினேன். அந்தத் தரையை ஆயாம்மாவின் டம்ளரால் மனதுக்குள் அளந்து பார்த்தேன். பத்து டீக்குக் குறையாது. ஒருமுறை அப்படிப் போனவளுக்கு அடுத்த பிரசவத்திலும் போகலாம். அவள் அடுத்த முறை எங்கே போனாலும் அந்தச் சீட்டைப் பார்க்கிறவர்கள் பயமே இல்லாமல் இருப்பார்கள்.

மறுநாளிலிருந்து நான் அளக்க ஆரம்பித்தேன். நனைந்த துணியை எடை போட்டு, காய்ந்த துணியின் எடையைக் கழித்து எழுதினேன். இருநூற்று எண்பது, முந்நூற்றுப் பத்து, ஒருநாள் நானூற்று இருபது. இரண்டாவது மாதம் மேலேயிருந்து போன் வந்துவிட்டது.

"ஏம்மா, உங்க சென்டர்ல மட்டும் திடீர்னு ரத்தம் ஜாஸ்தியா போவுது?"

"போறது அதேதான் சார். இப்ப பாக்கறோம்" என்றேன்.

பெரிய சிஸ்டர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவள் என்று ஆயாம்மாவிடம் சொன்னாராம். ஆனால் இட்லி மாவு பெட்டியிலிருந்து போய்விட்டது. அதையும் சொல்ல வேண்டும்.

வாரம் ஒருநாள் ஒத்திகை நடத்தவும் மேடம் உத்தரவு போட்டிருந்தார். ஒருத்தி நோயாளியாகப் படுக்க வேண்டும், மற்றவர்கள் காப்பாற்ற வேண்டும். படுக்கிற வேலை எனக்கு வந்தது. பெரிய சிஸ்டர் மூத்தவர், அவரைப் படுக்கச் சொல்ல முடியாது. ஆயாம்மா படுத்தால் கூச்சத்தில் சிரிக்கிறாள். கணுக்காலிலிருந்து தொப்புள் வரை இறுக்கிக் கட்டுகிற ஒரு கறுப்பு உடை இருக்கிறது. கால் ரத்தத்தை மேலே தள்ளி, பெரிய ஆஸ்பத்திரி போகும்வரை உயிரைப் பிடித்துவைக்கும். அதை எனக்குக் கட்டிப் பழகினார்கள். பெரிய சிஸ்டர் என்மேல் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து இழுத்துக் கட்டினார். கட்டி முடித்த நேரம் மலையிலிருந்து நிஜமாகவே ஒரு பிரசவக் கேஸ் வந்து இறங்கியது. இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள். நான் சுருட்டிய பாய் மாதிரி மேசைமேல் கிடந்தேன். தடுப்பூசிக்குக் குழந்தையோடு வந்த ஒருத்தி எட்டிப் பார்த்து, "பாவம், கையி கால் வராத கேஸு போல" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அரைமணி நேரம் கழித்து ஆயாம்மா வந்து அவிழ்த்துவிட்டாள். "மறந்தே பூட்டோம் சிஸ்டர்" என்றாள்.

அந்த ஒத்திகைகள் நடந்துகொண்டிருந்த மாதங்களில்தான் மரவள்ளிக் காட்டுக்காரி திரும்பி வந்தாள். எட்டாம் மாத வயிறு. இரண்டாவது குழந்தை. பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிட்டது. கூட அவள் கணவன். பன்னிரண்டாவது வரை படித்தவன், கூலி வேலைக்குப் போனாலும் காகிதங்களை மதிக்கிறவன். கையில் ஒரு பிளாஸ்டிக் பைல். ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல், எல்லாம் வரிசையாக இருந்தன.

"இந்தத் தடவ பிரசவம் இங்க வேணாம். வலி வர்றதுக்கு முன்னாடியே கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரில போய்ச் சேந்துடுங்க" என்றேன்.

"ஏங்க நர்சம்மா? மொத கொழந்த இங்கதான பொறந்துச்சி?"

"ரத்தம் ஜாஸ்தியா போகலாம்."

அவன் பைலுக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தான். நான் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டு. அதை லேமினேட் செய்து வைத்திருந்தான். நான்கு மூலையும் வழவழவென்று, மழையில் போட்டாலும் எழுத்து அழியாது. என் பொய்க்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"இன்னாங்க, நீங்களே எழுதிக் குடுத்தது. நூத்தம்பதுதான். கரெக்ட்டாக் கீதான்னு பாருங்க" என்றான். "அங்க போனா அவ கூட நான் இருக்கணும், கூலி பூடும். மொத புள்ளய யார் பாக்கறது? எல்லாம் நார்மல்னு போட்டிருக்கீங்களே."

இப்போது சொல்லியிருக்கலாம். 'அது பொய்யப்பா, நான் அளக்கவே இல்லை' என்று ஐந்து வார்த்தை. பெரிய சிஸ்டர் பக்கத்து மேசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லப்பா, குழந்த கொஞ்சம் பெருசா இருக்கு, அதுக்குத்தான்" என்று இன்னொரு பொய்யைச் சொன்னேன். ஒரு பொய்யை மூட இன்னொரு பொய். அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலுக்குப் போக மாட்டோம் என்று அர்த்தம். எனக்கு அது தெரிந்தே இருந்தது.

போகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பிட்ட கை காய்வதற்குள், ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். டாக்டர் மலைமேல் பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருந்தார். அவளைப் பரிசோதித்தால் பிள்ளை வாசலில் நிற்கிறது. இனிக் கள்ளக்குறிச்சிக்கு ஏற்றினால் வழியிலேயே பிறந்துவிடும்.

"இவளுக்குப் போன தடவையே நெறைய போச்சு. நான்தான் மறைச்சு எழுதினேன்" என்று பெரிய சிஸ்டரிடம் சொன்னேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு ஊசி மருந்தை எடுக்கப் போனார். நான் நூற்றெட்டு ஆம்புலன்சுக்கு முன்கூட்டியே போன் செய்தேன். ஆயாம்மா அந்தக் கறுப்பு உடையைக் கொண்டுவந்து விரித்துவைத்தாள்.

பெண் குழந்தை. பிறந்த நிமிடத்துக்குள் தாயின் தொடையில் ஊசி போட்டாயிற்று. நஞ்சுக்கொடி முழுசாக வந்தது. அப்பாடா என்று வயிற்றில் கைவைத்துப் பார்த்தேன். பந்து போல இறுகியிருக்க வேண்டிய கர்ப்பப்பை தொளதொளவென்று இருந்தது.

"சிஸ்டர், மூணு டீ" என்றாள் ஆயாம்மா. அவள் கட்டிலின் கால்மாட்டில் தட்டைப் பிடித்துக் குனிந்து நின்றிருந்தாள்.

நான் வயிற்றைத் தேய்க்க ஆரம்பித்தேன். "டிரிப் போடுங்க. மூத்திரப் பைய காலி பண்ணணும், குழாய் எடுங்க" என்று கத்தினேன். மூத்தவர், இளையவர் என்றெல்லாம் பார்க்க நேரமில்லை. என்னோடு கோபித்துக்கொண்டிருந்த பெரிய சிஸ்டர், கண்ணுக்கே தெரியாத நரம்பில் ஒரே குத்தில் ஊசி ஏற்றினார். அந்தக் கையைத் தொட்டுக் கும்பிடத் தோன்றியது.

"நாலு டீ! அஞ்சு வந்துடும்போலக்குது சிஸ்டர்!"

கர்ப்பப்பையைச் சுருக்கும் மாத்திரையை உள்ளே வைத்தோம். இன்னொரு கையிலும் டிரிப் ஓடியது. ஆறு டீ என்று ஆயாம்மா சொன்னபோது அவள் குரல் உடைந்துவிட்டது. நான் ஒரு கையை உள்ளே வைத்து, மறு கையால் வயிற்றின் மேலிருந்து கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்தேன். பிள்ளை பெற்றவளின் முகம் சுண்ணாம்பு வெள்ளையாகி, "தண்ணி" என்றாள். எனக்குள் வேண்டுதல் ஒன்றும் வரவில்லை. இவள் செத்தால் நான்தான் கொன்றேன் என்ற ஒரே நினைப்புதான். பெரிய சிஸ்டர் கறுப்பு உடையைக் கட்டினார், எனக்குக் கட்டியதைவிட இறுக்கமாக. ஒத்திகையில் அவர் கோபமாகக் கட்டியதெல்லாம் இதற்குத்தான் பயிற்சி ஆகியிருக்கிறது.

எட்டு டீ ஆனபோது ஒழுக்கு மெதுவானது. என் உள்ளங்கைக்குக் கீழே கர்ப்பப்பை கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. வெளியே தள்ளிக்கொண்டு வந்தால், அவள் கணவன் வாசல் டீக்கடையின் தூக்குக் கம்பியில் ஆறு டம்ளரை ஏந்திக்கொண்டு ஓடி வருகிறான்.

"ஆறுன்னு கேட்டுதுன்னு வாங்கியாந்தேன் நர்சம்மா. அப்பறம் உள்ள எட்டுன்னாங்க. இன்னும் ரெண்டு வாங்கியாரவா?"

பெரிய சிஸ்டர் அந்தக் கம்பியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவனை வண்டியில் ஏற்றினார். அப்போதுதான் அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். வடக்கனந்தல் தாண்டிக் கள்ளக்குறிச்சி போகும்வரை நான் அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்தச் சாலையில் எத்தனை வேகத்தடை என்று இன்றைக்கும் என் தோள்பட்டையைக் கேட்டால் சொல்லும்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டேன், கை வெறுமனே இருந்தால் வாய் திறக்காது என்று. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கணவன் என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"உக்காருங்க நர்சம்மா. உங்க கைதான் காப்பாத்துச்சின்னு டாக்டருங்க சொன்னாங்க" என்றான்.

அந்த ஸ்டூலில் உட்கார எனக்கு மனசு வரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"நீ வெச்சிருக்கியே அந்தச் சீட்டு, அதுல நான் எழுதினது பொய்யிப்பா. போன தடவையும் இவளுக்கு நெறைய ரத்தம் போச்சு. நான் அளக்கல. வழக்கமா எழுதறத எழுதிட்டேன். உண்மைய எழுதியிருந்தா நீ இவள இங்கதான் கூட்டிட்டு வந்திருப்ப."

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் தன் மனைவியைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள்.

"எவ்ளோ போச்சி சிஸ்டர்?" என்றாள்.

"சரியாத் தெரியாதும்மா. இந்தத் தடவ போன அளவுக்கு மேலேயே இருக்கும்."

குழந்தையின் வாய் நழுவியதை மறுபடி எடுத்து வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப ஆறு மாசம் என்னால எழுந்து நடக்க முடில. குனிஞ்சா கண்ணு இருட்டும். கொடம் தூக்கினா நெஞ்சு அடிச்சிக்கும். ஊர்ல யாரும் புள்ள பெக்கலயா, இவ மட்டும் படுத்துக்கினே இருக்கான்னு எங்க அத்த வரவங்க போறவங்க கிட்டல்லாம் சொல்லும். இவுரு எனக்கு ஏதோ நோவுன்னு பயந்து அந்தச் சீட்ட எடுத்துப் படிச்சாரு. ஒன்னும் இல்ல, எல்லாம் நார்மல்னு எழுதியிருக்குன்னாரு. வூட்ல எல்லாருக்கும் படிச்சிக் காமிச்சாரு." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நானும் நம்பிட்டேன் சிஸ்டர். எனக்குத்தான் சோம்பேறித்தனம்னு நெனச்சிக்கினு, அந்த ஒடம்போடவே காட்டு வேலைக்குப் போனேன்."

மன்னித்துக்கொள்ளம்மா என்றேன். அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை.